ஆமை பார்க்க வந்தவர்

வெள்ளவத்தை வீட்டுக் கதவைத் தட்டிய காக்கிச் சட்டைக்காரரிடம், அவர் கேட்குமுன்னே எங்கள் பொலிஸ் பதிவுத் துண்டை நீட்டினேன். சண்டைக் காலத்தில், காக்கியைக் கண்டால் தமிழர் வீடுகளில் அதுதான் பழக்கம். அவரோ வனவிலங்கு இலாகாக்காரர். குளியலறையில் நான் வளர்த்த நட்சத்திர ஆமையைப் பார்க்க வந்தவர். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிய பிறகே அதைத் தூக்கினார்.

"அம்மா, ஈரம் கூடாது. இதுக்கு வெயில் வேணும். வீட்டில வளர்க்கச் சட்டத்தில இடமில்லை," என்றார் அந்தச் சிங்களவர், தனக்குத் தெரிந்த தமிழில்.

"பிள்ளை மாதிரிச் சோறு குடுத்து வளர்த்தனான், தம்பி. எங்க கொண்டுபோறீங்கள்?"

"வடக்குப் பக்கம், காட்டுக்கு."

"அங்க போக எங்களுக்கு ஆமிப் பாஸ் வேணும். ஆமைக்கு வேண்டாமோ?"

அவர் ஆமையை நெஞ்சோடு அணைத்தபடி படியிறங்கினார்.

அந்த வருடங்களில் காக்கி உடுத்தி எங்கள் வாசலுக்கு எத்தனையோ பேர் வந்தார்கள். தொடுமுன் கையைச் சூடாக்கியவர் அவர் ஒருவர்தான்.