பெட்ஷீட் போர்த்திய அட்டனுவேட்டர்

போன வெள்ளி அஸர் தொழுதுவிட்டு வந்து, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிட்டாரை எடுத்தேன். பிறகு நடந்ததை எழுதத்தான் வேண்டுமா? எழுதிவிடுகிறேன்.

மருதமுனையில் நான் இருப்பது மனைவியின் வீடு. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். மாமா மௌத்தாகி, மாமி அடுத்த அறையில் இத்தா இருக்கிறார். கணவனை இழந்தவர் அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாத துக்க நாட்கள். அந்த வீட்டில் கிட்டாரா?

என்னிடம் இருந்தது பழைய வால்வு அம்ப்ளிஃபயர். வால்யூமை முழுதாகத் திருகினால்தான் அதன் குரல் கரகரவென்று உடைந்து உயிரோடு வரும். அதற்காகவே அட்டனுவேட்டர் வாங்கினேன். அம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே வைக்கும் பெட்டி. அம்ப்ளிஃபயர் தொண்டை கிழியக் கத்தும். பெட்டி அந்தச் சத்தத்தில் பெரும்பங்கைச் சூடாக மாற்றிவிடும். ஸ்பீக்கரில் முணுமுணுப்புதான் வரும். கூச்சக்காரனுக்கென்றே செய்த சாமான்.

பெட்டிக்குள் ஒரு சின்ன ஃபேன். அதன் இரைச்சலும் மாமிக்குக் கேட்கக் கூடாதே என்று மேலே பெட்ஷீட்டை மடித்துப் போட்டேன்.

சூடு போக வழியில்லை. நான் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தேன்... நாற்றம் வந்தபோது பெட்ஷீட்டோடு பக்கத்து மெத்தையும் பற்றிவிட்டது.

மனைவி போட்ட கூச்சலில் தெருவே உள்ளே வந்தது. வாளியும் தண்ணீருமாக ஆண்கள். தீ அடங்கியது. புகை அடங்கவில்லை — மாமியின் அறைக்குள்ளும் போய்விட்டது.

"மாமி, வெளிய வாங்க."

"ஆம்புளையள் நிக்கிறாங்க மருமகன். நான் வரமாட்டன்."

"உசிரு போனா மறுகா என்ன இத்தா உம்மா?" மனைவி கதவில் அடித்தாள்.

உள்ளே இருமல்தான் பதில்.

ஹோலில் நின்றவர்களை வெளியே போகச் சொல்ல வேண்டும். இந்த வீட்டில் நான் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. உதவிக்கு வந்தவர்களை எப்படி விரட்டுவது? வாயைத் திறந்தேன். பக்கத்தில் நின்றவருக்கே கேட்கவில்லை.

"என்ன காக்கா சொல்றீங்க?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

உள்ளே இருமல் நின்றுபோனது.

அப்போதுதான் கத்தினேன். எல்லாரும் வெளியேறினார்கள். கதவை உடைத்து, நானும் மனைவியும் மாமியைத் தூக்கி வந்தோம். அவருக்கு நினைவில்லை.

அடக்கிவைத்த சத்தம் காணாமல் போவதில்லை; எங்கேயோ சூடாகச் சேர்கிறது. நானோ அதற்குமேல் பெட்ஷீட்டும் போட்டவன்.

மாமி இன்னும் ஆஸ்பத்திரியில்தான், மூக்கில் ஒட்சிசன் குழாயோடு. நேற்று மன்னிப்புக் கேட்டேன். மூச்சைச் சேர்த்துச் சேர்த்துச் சொன்னார்:

"சத்தமா வாசிச்சிருந்தா ஏசியிருப்பன் மருமகன்... அதோட முடிஞ்சிருக்கும்."