லவீனாவை நம்பிக் கொடுத்த ரத்தம்

லவீனா அட்டகாய் யார் வீட்டுக் கதவையும் தட்டமாட்டாள். வண்டியை முற்றத்தில் நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்காரர் வெளியே வந்து முகம் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் இறங்குவாள். அரிசோனாவில் எங்கள் டினே பழங்குடி மக்களிடையே அதுதான் மரியாதை. அவளுக்கு முன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மாணவர்கள் கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்துத் திரும்பிப் போனார்கள்.

நான் எங்கள் ஊர் மருத்துவமனையில் ரத்தம் எடுப்பவள். பல்கலைக்கழகத்தின் ஆய்வு நடந்த காலமெல்லாம் ஊசிப்பெட்டியோடு அவள் பக்கத்து இருக்கையில் போனேன். மூடாமல் விட்டுப்போன யுரேனியச் சுரங்கங்களுக்குக் கீழே எங்கள் கிணறுகள் இருக்கின்றன. அந்தத் தண்ணீர் மனிதர்களின் சிறுநீரகத்தை என்ன செய்கிறது என்பதே ஆய்வு.

லவீனா அந்தத் தண்ணீரைக் குடித்தே வளர்ந்தவள். வேதியியல் படித்தாள். மருத்துவ ஆராய்ச்சியில் குறைவாக உள்ள சமூகத்தினருக்கு என்று அரசு ஒரு பயிற்சி நிதி வைத்திருந்தது. அது அவளுக்குக் கிடைத்தது. குறைவாக உள்ளவர்களாம். யார் குறைத்தார்கள் என்பது எந்த அறிவிப்பிலும் இல்லை. ஆனாலும் நிதி நல்லது. அவளுக்குச் சம்பளம், படிப்புச் செலவு, ஆய்வுக்கூடத்தில் ஓர் இடம். முடிவில் அவள் பெயரில் ஓர் ஆய்வேடு, முனைவர் பட்டம். எங்கள் பள்ளத்தாக்கில் இதுவரை யாரும் அதை வாங்கியதில்லை.

ராஸ்கோ மெனிகோட்ஸ் வீட்டுக்குப் போன நாள் நினைவிருக்கிறது. ஆடு வளர்ப்பவர்; சுரங்கத்தில் வேலை பார்த்தவரின் மகன். லவீனா வண்டியை விட்டு இறங்கியதும் வழக்கப்படி தன் குலங்களைச் சொன்னாள்: தாய்வழி உப்புக் குலம், தந்தைவழி நீரோரக் குலம், பிறகு இரண்டு தாத்தாக்களின் குலங்கள். ராஸ்கோவின் தந்தையும் உப்புக் குலம்; எங்களிடம் குலம் தாய்வழி வருவதால் அவள் அவருக்கு அத்தை மகள் முறை. கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, அத்தை மகளா நீ? அதான் ஆட்டைவிட மெதுவா நடக்கிற."

"உங்க ஆடுங்கதான் உங்களைப் பார்த்து ஓடுதே, மச்சான். குளிச்சு எத்தனை நாளாச்சு?"

"குளிக்கத் தண்ணி ஏது? நீதான் குடிக்கக்கூடாதுன்னு சொல்ல வந்திருக்கியே." கையை நீட்டினார். "எடுத்துக்கோ. பல்கலைக்கழகத்துக்குன்னா ஒரு சொட்டுக்கூடத் தந்திருக்க மாட்டேன். உனக்குன்னா சரி."

எல்லா வீட்டிலும் இப்படித்தான். உறவுக்காரப் பெண் கேட்டாள், கொடுத்தார்கள். கையெழுத்து வாங்கிய தாளில் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தது.

மூன்றாம் ஆண்டில் அரசு அந்தப் பயிற்சி நிதியை நிறுத்தியது. இந்த வகைப் பயிற்சி இனித் தேவையில்லை என்று ஒரு வரிக் கடிதம். ஆய்வுக்கான பெரும்பணம் மட்டும் அப்படியே வந்துகொண்டிருந்தது. ஆய்வை நடத்திய பேராசிரியர் ஹாலரன் அவளைக் கூப்பிட்டபோது நான் ரத்தக் குப்பிகளைக் கொடுக்கப் போயிருந்தேன், அங்கேயே நின்றேன்.

"ஆய்வு நிக்கலை லவீனா. உனக்கு வந்த பணம் மட்டும்தான் நின்னுபோச்சு. ரெண்டாவது தடவை ரத்தம் எடுக்கணும். மணிக்கூலிக்கு மொழிபெயர்ப்பாளரா வரலாமே?"

"ஆய்வு முடிவுகளை யார் அலசுறது?"

"வேற ஒரு மாணவர்."

"அவருக்கு எங்க மொழி தெரியுமா?"

"எண்களுக்கு மொழி எதுக்கும்மா?"

"அப்ப அதை நான் செய்றதுல என்ன தடை?"

அவர் என் கையிலிருந்து குப்பிகளை வாங்கிக்கொண்டார். "உன் மக்களுக்காகத்தானே இது," என்றார்.

எங்கள் மலையைத் தோண்டி யுரேனியம் எடுத்தபோதும் நாட்டுக்காக என்றுதான் சொன்னார்கள். அன்று எங்கள் ஆண்களின் நுரையீரல் தேவைப்பட்டது. இன்று எங்கள் ரத்தம் தேவைப்படுகிறது. மூளை மட்டும் எப்போதும் வேண்டாம். ஒருத்தி ஆராய்ச்சியாளர் ஆவதற்கு ஆன செலவு, அந்த ஆய்வுக்கூடத்தின் குளிர்பெட்டிகளுக்கு ஆன செலவைவிடக் குறைவு. குளிர்பெட்டிகளை யாரும் நிறுத்தவில்லை.

லவீனா கத்தவில்லை. ஊர்க்கூட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை, ஆட்டிறைச்சிக் குழம்பும் பொரித்த ரொட்டியும் முடிந்த பிறகு எழுந்தாள். எல்லாரும் அறிந்தவள்தான், இருந்தும் நான்கு குலங்களையும் மறுபடி சொன்னாள்.

"நான் அங்க படிச்சு, இதை நானே ஆராய்ஞ்சு, உங்களுக்கு வந்து சொல்வேன்னு நம்பித்தான் ரத்தம் குடுத்தீங்க. இப்ப நான் அங்க இல்ல. அதை மறைச்சு இன்னொரு தடவை கேட்டா அது பொய். திருப்பிக் கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. கேக்கணும்னு நான் சொல்லலை."

ராஸ்கோ எழுந்தார். "திருப்பிக் கேட்டா உன் படிப்பு என்னாகும்?"

"போயிடும். வேற நிதி கிடைச்சாலும் முடிக்க முடியாது. ஆய்வேடே அந்த ரத்தத்துலதான் நிக்குது."

"மூணு வருஷமும்?"

"ஆமா, மச்சான்."

அவர் கேலி எதுவும் பேசவில்லை. பின்வரிசையில் ஒருவர், "பொண்ணு பட்டத்தை நாமளே பறிக்கிறதா?" என்று முணுமுணுத்தார்.

"பறிச்சவன் வாஷிங்டன்ல உக்காந்திருக்கான்," என்றார் ராஸ்கோ. "நாம பறிக்கிறது அவங்க கையில இருக்கிற நம்ம ரத்தத்தை."

முதலில் அவர் கை உயர்ந்தது. லவீனாவுக்குப் பயிற்சி திரும்பக் கிடைக்கும்வரை எந்தக் குப்பியையும் திறக்கக்கூடாது, இல்லாவிட்டால் ஊர் கொடுத்த சம்மதம் செல்லாது என்று தீர்மானம் ஆனது.

மறுநாள் மருத்துவமனைத் தொலைபேசியில் அவள் ஹாலரனிடம் சொன்னாள். அவர் குரல் எனக்கே கேட்டது: "உன் ஆய்வை நீயே கெடுத்துக்கிட்ட."

"என் ஆய்வுன்னு இப்பத்தான் சொல்றீங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எங்கள் தீர்மானத்துக்கு அரசிடமிருந்து இன்றுவரை பதில் இல்லை; குப்பிகள் திறக்கப்படாமலே இருக்கின்றன. லவீனா உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறாள். வேறு நிதிகளுக்கு விண்ணப்பிக்கிறாள். உங்கள் குடும்பத்தின் துன்பங்களை விவரியுங்கள் என்று எல்லா விண்ணப்பத்திலும் கேட்கிறார்கள். அவள் கிணற்றுத் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்பதை மட்டும் எழுதுகிறாள்.