அவள் ஒருமுறை சொன்ன பெயர்

முதியோர் வாழும் இல்லங்களில், பேச்சைக் கேட்டு ஏவல் செய்யும் சிறு பெட்டிகள் பெருகிவருகின்றன. தொலைவில் பணிபுரியும் பிள்ளைகள் அன்பினால் வாங்கி வைக்கிறார்கள். அப்பெட்டியில் உறவினரின் தொலைபேசி எண்ணை எந்தப் பெயரில் பதிவது என்பது அற்பமான செய்தியாகவே எவருக்கும் தோன்றும். எங்கள் இல்லத்தில் அது அற்பமாக இல்லை. என் மனைவி வீழ்ந்து கிடந்த நாளைப் பற்றி உறவினர் பலவாறு பேசுகின்றனர். பெட்டியை வாங்கிவந்த மகன்மீது பழி கூறுவாரும் உளர். அப்பழி அவனுக்குரியது அன்று. யாருக்குரியது என்பதை நான் உயிரோடிருக்கும்போதே எழுதிவைத்தல் கடமை.

நாங்கள் வாழ்வது மலேசியாவின் மலாக்கா மாநிலத்துக் குருபோங்கில், தொழிற்சாலைகளுக்குப் பின்புறமுள்ள குடியிருப்பில். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மனைவி இரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, ஆறாண்டு படித்து, திருமணம் வரையில் பால்மரம் வெட்டியவள். நீரிழிவு அவளுடைய கண்ணொளியைச் சிறிது சிறிதாகக் குறைத்தது. திறன்பேசியின் எண்கள் தெரியாமற்போகவே, சிங்கப்பூரில் பணிபுரியும் எங்கள் ஒரே மகன் தீபாவளி விடுப்பில் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து குளிர்பதனப் பெட்டியின்மேல் வைத்தான்.

எனக்கு அது உவப்பாக இல்லை. வீட்டில் பேசுவதையெல்லாம் ஒட்டுக்கேட்கும் பொருள் எதற்கு என்றேன். ஆயினும் அதற்கு ஒரு தூய தமிழ்ப்பெயர் வேண்டுமென்று இரண்டு நாள் சிந்தித்துக் ‘குரலேவலி’ என்று ஆக்கினேன். வீட்டில் ஒருவரும் அச்சொல்லை வழங்கவில்லை. என் மனைவி அதைப் ‘பெட்டிப் பொண்ணு’ என்றாள்.

நிறுவனத்தார் அப்பெட்டிக்கு ஒரு பெண்பெயர் வைத்திருந்தனர். அப்பெயரைச் சொன்னால்தான் அது செவிசாய்க்கும். என் மனைவி அப்பெயரைச் சொல்லி, கூடவே ஓர் ‘அம்மா’வும் சேர்ப்பாள். மாத்திரை உண்ணும் நேரத்தை அதனிடம் கேட்பாள். துணி உலர்த்துமுன் மழை வருமா என்று கேட்பாள். ஆங்கிலத்தில் அவள் கற்றிருந்தது பத்துச் சொற்களுக்கு மேலிராது. அவற்றைத் தமிழோடு பிசைந்து பேசுவாள். விடை வந்ததும் நன்றி சொல்வாள். பெட்டிக்கு நன்றி எதற்கு என்று நான் நகைத்தபோது, “கேட்டதுக்குப் பதில் சொல்லுதுல்ல, இந்த வீட்டுல வேற யாரு சொல்றா?” என்றாள். நான் நூலிலிருந்து தலை நிமிராமல் இருந்தேன் என்பது நினைவிலிருக்கிறது.

எதிர்வீட்டு அம்மையார் தமிழ் முசுலிம். அவர் கணவர் நகரில் துணிக்கடை வைத்திருப்பவர். மாலையில் வந்து அமர்ந்து இவளைச் சீண்டுவது அவர் வழக்கம்.

“என்னக்கா, மிசின மட்டும் பேர் சொல்லி அதட்டுறீங்க. சார் பேரு வாயில வரமாட்டேங்குது?”

“மிசினு எனக்குத் தாலி கட்டலயே லா.”

“ஒரு தடவ சொல்லுங்க, நான் காத மூடிக்கிறேன்.”

“நீ மூடிக்குவ. அவங்க காது தொறந்துல்ல இருக்கும்.”

இருவரும் சிரித்தனர். அறையிலிருந்து நானும் சிரித்தேன். மணமாகி ஐம்பதாண்டுகளை நெருங்கும் அந்நாள் வரையில் அவள் என் பெயரைச் சொன்னதில்லை. என்னை அழைப்பதற்கு ‘இங்க பாருங்க’. பிறரிடம் என்னைக் குறிப்பதற்கு ‘அவங்க’, ‘வாத்தியாரு’, ‘தம்பியோட அப்பா’. மருத்துவமனைப் படிவத்தில் கணவர் பெயரைக் கேட்டால் அடையாள அட்டையை எடுத்து நீட்டுவாள். இவையனைத்தும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் நான் செய்ததை இனிக் கூறுகிறேன்.

அவசரத்திற்கு அழைப்பதற்கென மகன் இரண்டு எண்களைப் பதிந்தான். ஒன்று அவனுடையது, மற்றொன்று என்னுடையது. “உங்க நம்பர ‘அப்பா’ன்னு போட்டுடட்டுமா?” என்று கேட்டான். “அப்பா என்றால் எந்த அப்பா? பதிவு என்பது பதிவாக இருக்கவேண்டும். முழுப் பெயரை எழுது” என்றேன். பள்ளிப் பதிவேடுகளில் ‘தம்பி’, ‘பாப்பா’ என்று எழுதிவந்த பெற்றோரைத் திருத்தியே பழகியவன் நான். அவன் அவ்வாறே பதிந்தான். பின்பு தன் பெயரைச் சொல்லி அழைத்துப் பார்க்கும்படி அன்னையிடம் கூறினான். அவள் அழைத்தாள், அவன் கையிலிருந்த கருவி ஒலித்தது.

“இப்ப அப்பாவுக்கு அடிச்சுப் பாருங்கம்மா.”

“தெரியுது தம்பி. அப்புறம் பார்த்துக்கிறேன்” என்று அடுப்படிக்குச் சென்றுவிட்டாள். நாங்கள் இருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

பின்னர் ஒரு சனிக்கிழமை, கடலோர ஊரான தஞ்சோங் கிளிங்கில் என் பழைய மாணவர்கள் கூட்டம் ஒன்று கூட்டியிருந்தனர். அன்றாடப் பேச்சில் பிறமொழிச் சொற்களை விலக்குவது பற்றி நான் உரையாற்றினேன். அமைப்பாளர் கேட்டுக்கொண்டபடி திறன்பேசியின் ஒலியை அடக்கியிருந்தேன். உணவின்போது எடுத்துப் பார்த்தேன். வீட்டிலிருந்து ஓர் அழைப்பு வந்து நின்றிருந்தது. ஒன்றே ஒன்று. கடற்கரைக்குப் போனவன் மீன் வாங்கிவரவேண்டும் என்று சொல்ல அழைத்திருப்பாள் என எண்ணினேன். திரும்ப அழைக்காமலே வழியில் மீனும் வாங்கினேன்.

வீடு சேர்ந்தபோது மணி மூன்றாகியிருந்தது. குளியலறை வாயிலில் அவள் ஒருக்களித்துக் கிடந்தாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. எதிர்வீட்டில் அன்று எவரும் இல்லை. நான் அருகில் அமர்ந்ததும் அவள் முதலில் செய்தது, விலகியிருந்த சேலையை இழுத்துவிட்டுக்கொண்டதுதான்.

பெட்டியோடு பேசிய சொற்கள் எழுத்து வடிவிலும் மகனுடைய கருவியில் சேர்ந்திருக்குமாம். அவன் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்று எனக்குப் படித்துக்காட்டினான். பத்தரை மணி அளவில் தொடங்குகிறது. ‘வாத்தியாருக்குக் கால் பண்ணும்மா.’ அப்பெயரில் எவரும் இல்லை என்கிறது பெட்டி. ‘தம்பியோட அப்பாவுக்கு.’ இல்லை. ‘அவங்களுக்கு.’ இல்லை. சிறிது இடைவெளிக்குப் பின் ‘சாருக்கு’. அதுவும் இல்லை. பிறகு ஒரு மணி நேரத்திற்கு மேல் ஒன்றுமே இல்லை. பன்னிரண்டேகாலுக்கு ‘கால்’ என்ற சொல்லும், அதையடுத்து என் முழுப் பெயரும். பெட்டி உடனே கீழ்ப்படிந்திருக்கிறது.

அடுத்த நாள் அவளிடம் கேட்டேன், மகனையாவது அழைத்திருக்கக் கூடாதா என்று.

“அவன் அங்க வேலயில இருப்பான். பயந்து கார எடுத்துக்கிட்டு ஓடிவருவான். நீங்க பக்கத்துலதான இருந்தீங்க.”

“என் பெயரை முதலிலேயே சொல்லியிருக்கலாமே.”

அவள் சுவரைப் பார்த்தபடி, “சொன்னேங்க. நீங்க எடுக்கல” என்றாள்.

“மறுபடி ஒருமுறை அழைத்திருக்கலாமே.”

“அதான் ஒரு தடவ சொல்லியாச்சே” என்றாள்.

குரலில் குறை கூறும் தொனி இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். அறுவை நன்கு முடிந்தது என்றனர். ஆயினும் நுரையீரலில் சளி கட்டி, ஐந்தாம் வாரத்தில் மறைந்தாள்.

அதன்பின் நான் செல்லும் இல்லங்களில் எல்லாம், உங்கள் பெட்டியில் ஐயாவின் எண் எப்பெயரில் இருக்கிறது என்று கேட்பது வழக்கமாயிற்று. மஸ்ஜித் தானா என்னும் ஊரில் ஒரு மூதாட்டி, “அதயெல்லாம் மருமக பார்த்துக்கிறா, நீங்க டீ குடிங்க” என்றார். நான் விடவில்லை. மருமகளை அழைத்து, அவர் முன்னிலையிலேயே ‘தாத்தா’ என்று மாற்றச் செய்தேன். பெட்டி தாத்தாவை அழைத்தது. மூதாட்டி வாய்பொத்திச் சிரித்தார். அவ்வீட்டில் என்னைச் சற்று மனம் பேதலித்தவனாகக் கருதியிருப்பர்; கருதட்டும்.

எங்கள் பெட்டி அதே இடத்தில் இருக்கிறது; மின்னிணைப்பை மட்டும் எடுத்துவிட்டேன். அன்றைய அவள் குரல் இன்னும் அழியவில்லை என்று மகன் கூறுகிறான். “கேக்குறீங்களாப்பா? ஒரு செகண்டுதான்” என்று சென்ற மாதமும் கேட்டான். பிறகு பார்க்கலாம் என்றேன்.

ஆகவே இக்குறிப்பில் ஒரு குறை உண்டு. மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் எழுதக்கூடாது என்று மாணவர்க்கு வாழ்நாளெல்லாம் கூறியவன் நான். மேலே தந்துள்ள நேரங்களும் சொற்களும் மகன் படிக்கக் கேட்டவை. ஒலியோடு நான் ஒப்புநோக்கியவை அல்ல. அந்த முற்பகலில் எங்கள் வரிசையில் இருந்த அண்டை வீட்டாரோ, உறவினரோ, பிழை எதனையும் காணின் தயங்காது எழுதித் திருத்துமாறு வேண்டுகிறேன். அவள் இன்னொரு முறையும் அழைத்ததை எவரேனும் கேட்டிருந்தால், அதையும் என்னிடம் மறைக்கவேண்டா.