நடிப்பென்று நான் நினைத்த காய்ச்சல்

நான் அனுமந்தன்பட்டிக்காரன். கூடலூருக்கு மேலே மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் முப்பது பேருக்குக் கங்காணியாக இருக்கிறேன். நான் செய்த பிழையை மற்றக் கங்காணிமாரும் அறியவேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

சென்ற பழப்பறிப்பின்போது மழை பெய்த ஒரு காலைப்பொழுதில், எங்கள் ஊர்ச் சவரியம்மாள் நடுங்கிக்கொண்டு வந்து நின்றாள்.

“அண்ணே, மேலு அனலாக் காயுது. இன்னைக்கு மட்டும் படுத்துக்கிடுறேன்.”

“நடிக்காத ஆத்தா, கூடையத் தூக்கு” என்று அதட்டினேன்.

சற்று நேரத்தில் அவள் மயங்கிச் சரிவில் உருண்டாள். பள்ளத்துக்கு இரண்டு முழம் மேலே ஒரு காப்பிச் செடி அவளைத் தடுத்து நிறுத்தியது. தூக்கி வந்தபோது அவள் உடம்புச் சூடு என் தோளைச் சுட்டது. படுக்கவைக்க இருந்ததோ ஒழுகும் கொட்டகை.

“ஒருத்தி விழுந்தா எல்லாரும் நிக்கணுமா? பழம் உதிர்ந்தா தொரை என்னையத்தான் கேப்பாக” என்று, பறிப்பு நின்றதைப் பார்த்துத் தோட்டத்துக் கணக்கெழுதும் ரைட்டர் கத்தினார்.

“கேட்டா என் பேரைச் சொல்லுங்க. கொட்டகைக்குக் கூரை மேயணும். காய்ச்சல்காரவுகளுக்கு ஓய்வும் கஞ்சியும் குடுக்கணும். அதுவரைக்கும் ஒருத்தரும் பழத்தத் தொடமாட்டாக” என்றேன்.

மற்ற எல்லாரும் கூடைகளைக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். இரண்டு நாள் பழம் உதிர்ந்தது. மூன்றாம் நாள் கூரைக்குப் புல் வந்தது, கஞ்சிக்கு அரிசியும் வந்தது.

சவரியம்மாள் பிழைத்துக்கொண்டாள். என்னோடு பேசத்தான் அவளுக்கு ஒரு மாதம் ஆயிற்று.

இப்போது காலைதோறும் ஆண்களை நானும் பெண்களை அவளும் தொட்டுப் பார்த்த பிறகே கூடை கொடுக்கிறோம். அவள் ஒருத்தியைப் படுக்கச் சொன்னால், நான் மறுபேச்சுப் பேசுவதில்லை. என்னை விலக்கப்போவதாக ரைட்டர் மிரட்டுகிறார். விலக்கட்டும். நான் கங்காணியாக இருக்கும்வரை இது இப்படித்தான் நடக்கும்.