கோணல் திருகு

முப்பது வருடம் பல் டாக்டரிடம் நர்ஸாக இருந்த என் பெரியம்மா, ஓய்வு பெற்ற மறுமாதமே ரம்பங்களின் பல்லைப் பார்க்கத் தொடங்கினாள். அதிலும் அலகு மாற்றும் பழைய கைரம்பங்கள் மட்டும்தான். ஒரே மரப்பிடி, வெவ்வேறு நீளத்தில் மூன்று அலகுகள். திருகைத் தளர்த்தி வேண்டியதை மாட்டிக்கொள்ளலாம். நூறு வருடத்தில் எந்த அலகு எந்தப் பிடியோடு சேர்ந்தது என்பது யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். பெரியம்மாவுக்குத் தெரியும். அதைச் சொல்லிக்கொள்ளவும் அவளுக்குக் கூச்சம் கிடையாது.

தன்னிடமிருந்த ஒரு ரம்பத்தைப் பற்றி, "மூன்று அலகும் பிடியும் ஆதியிலிருந்தே ஒரே செட்" என்று அருங்காட்சியகத்துக்கு அடித்துச் சொல்லி எழுதியிருந்தாள். நிரூபித்தால் கண்ணாடிப் பெட்டியில் அவள் பெயரோடு வைப்பார்கள். இல்லையென்றால் அவள் சொல்லை அதன் பிறகு ஒருவரும் மதிக்க மாட்டார்கள். ஆதாரம், பிடியிலும் அலகுகளிலும் மங்கலாகத் தெரிந்த ஒரே முத்திரை.

அதிகாரி வருகிற அன்று காலை, பெரியப்பா ஆசை ஆசையாக உப்புத்தாளால் மூன்று அலகையும் தேய்த்துப் பளபளவென்று அடுக்கி வைத்திருந்தார். முத்திரை இருந்த இடத்தில் முகம் பார்க்கலாம்.

"ஏங்க, யாரு உங்களைத் தேய்க்கச் சொன்னது?"

"துருவோட குடுத்தா நல்லாவா இருக்கும்?"

பெரியம்மா அலகுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கி முத்திரையைத் தேடினாள். எனக்குப் பெரியப்பாவின் மேல் அப்படியொரு கோபம் வந்தது. அதற்குள் வாசலில் அழைப்புமணி அடித்தது.

அதிகாரி அலகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முத்திரை எங்கம்மா?"

"போச்சு சார். இவர் அழிச்சுட்டாரு," என்றாள். பிறகு பிடிக்குள் போகும் அலகின் அடிப்பக்கத்தில் அவள் பார்வை நின்றது. அங்கே மட்டும் இரண்டு விரற்கடை கறுப்பாக இருந்தது. தேய்க்கும்போது பெரியப்பா கையால் பிடித்துக்கொண்ட இடம். மற்ற இரண்டையும் எடுத்தாள். அப்படியே.

"சார், இந்தப் பிடியில திருகு கோணல். இறுக்கி இறுக்கி மூணு அலகுலயும் ஒரே சாய்வுல பள்ளம் விழுந்திருக்கு பாருங்க. பள்ளத்துக்குள்ள பழைய துரு. முத்திரை அந்தப் பட்டறையில செஞ்ச எல்லா ரம்பத்துலயும் இருக்கும். இந்தக் கோணல் இதுக்கு மட்டும்தான்."

அதிகாரி பூதக்கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார். "முத்திரையைவிட இதுதாம்மா சாட்சி," என்றார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

இப்போது அந்த ரம்பம் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. அட்டையில் அடையாளம் கண்டவர் என்று பெரியம்மாவின் பெயர். அதற்குக் கீழே அவளே கேட்டு எழுத வைத்த இன்னொரு வரி: "முத்திரையை அழித்தவர், சாட்சியைக் கையில் பிடித்துக் காப்பாற்றியவர்: கணவர்."

பெரியப்பா வாரம் ஒருமுறை போய் அதைப் படித்துவிட்டு வருகிறார்.