ராஜாவுக்குப் போட்ட கல்

மேட்டுப் புல்வெளியின் நடுவில் ஒரு கற்குவியல் இருந்தது. எழுத்து என்ற ஒன்றையே மனிதன் கண்டுபிடிக்காத காலத்தில் யாரையோ அங்கே புதைத்து, மேலே கல்லைப் போட்டு மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். யாரை என்று படித்தவர்களுக்கும் தெரியாது, படிக்காதவர்களுக்கும் தெரியாது. அதற்குக் காவலாளியாக வந்த நம் ஆளுக்கு மட்டும் சகலமும் தெரியும்.

"சத்தம் போடாதீங்க, ராஜா படுத்திருக்கார்" என்பார், கீழே பஸ்ஸை விட்டிறங்கி மூச்சு வாங்க ஏறி வருகிறவர்களிடம். ராஜா ஏழடி உயரம். குரல் கொடுத்தால் எதிரி பள்ளத்தாக்கைத் தாண்டி ஓடுவான். இதெல்லாம் யார் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர் வந்து, "ப்பூ, வெறும் கல்லா?" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். நம் ஆளுக்கு அது பொறுக்கவில்லை. வெறும் கல்லுக்குக் காவல் இருந்தால் மனுஷனுக்கு என்ன மரியாதை? அடுத்து வந்தவரிடம் ராஜா என்று அளந்து விட்டார். அவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். அதற்குப் பிறகு ராஜாவை யார் நிறுத்துவது?

கடைத்தெருவில் அவரை 'மந்திரி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கிண்டல்தான். அவர் அதையும் மரியாதைக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார்.

ராஜா என்றால் ஒரு முறை வேண்டாமா? வருகிறவர்கள் ஆளுக்கொரு கல்லை எடுத்துக் குவியல்மேல் வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று சட்டம் போட்டார். ஆள் வராத நாளில் அவரே வைப்பார். வருஷங்கள் போகப் போகக் குவியல் ஆளுயரத்தைத் தாண்டிக்கொண்டு நின்றது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ தாமே வளர்ந்துவிட்ட மாதிரி மந்திரிக்கு நெஞ்சு நிமிரும்.

மேட்டின் அடியில் தொல்லியல் இலாகா கொடுத்த இரண்டு அறை வீடு. தினமும் மதியம் அவர் மனைவி சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு மேடேறி வருவாள். வந்ததும் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொள்வாள்.

"ஏங்க, பின்வாசல்ல ஒரு படி போட்டுக் குடுங்களேன். அவ்வளவு உயரத்துல கால் வெச்சு ஏறினா முட்டி உசுரு போகுது."

"நல்ல கல்லா கிடைக்கட்டும், பாக்கலாம்."

"இந்த மேட்டுல கல்லுக்கா பஞ்சம்?"

"அதெல்லாம் ராஜாவோடது" என்று சொல்லிவிட்டு அவர் ரசத்தை ஊற்றிக்கொள்வார்.

இப்படியிருக்கையில்தான் இலாகா ஒரு பேராசிரியை அம்மாவை அனுப்பி, குவியலைத் திறந்து பார்க்கச் சொன்னது. சேதி எப்படியோ, மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டுச் சம்பந்தி காதுக்குப் போய்விட்டது. பெண் பார்க்க வந்த அன்றைக்கே ராஜாவைப் பற்றி வாய் கிழியப் பேசி, 'பெரிய இடத்தில் உத்தியோகம்' என்று அந்த மனிதரை அசத்தி வைத்திருந்தார் மந்திரி.

"நானும் வர்றேன், சம்பந்தி. அந்த ராஜாவை என் கண்ணால பாத்துடணும்" என்றார் அவர் போனில்.

மந்திரி போனை வைத்துவிட்டு மேட்டை அண்ணாந்து பார்த்தார். உள்ளே ராஜா இல்லையென்றால் கடைத்தெருவில் தலைகாட்ட முடியாது. அது போகட்டும். 'உங்கப்பா விட்ட கதை' என்று மகள் ஆயுசுக்கும் அந்த வீட்டில் இடிபடுவாளே!

பேராசிரியையின் ஆட்கள் மேலிருந்து கல்லை எடுத்தார்கள். பிஸ்கட் உறை வந்தது. பேனா மூடி வந்தது. இன்னும் கீழே ஒற்றைச் செருப்பு வந்தது.

"இந்தக் கல்லையெல்லாம் யாருங்க போடச் சொன்னது?" என்று கேட்டார் பேராசிரியை.

மந்திரி வானத்தைப் பார்த்தார்.

புதுக் கல்லையெல்லாம் கழித்தபின், பழைய குவியல் இடுப்பளவுகூட இல்லை. "உங்க கல்லையெல்லாம் ஓரமா போட்டிருக்கோம். நீங்களே அப்புறப்படுத்திடுங்க" என்றார் அந்த அம்மா. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அடியில் இருந்த பலகைக் கல்லைத் திறந்த அன்று சம்பந்தி முன்வரிசையில் நின்றார். கேரியரும் கையுமாக மனைவியும் வந்து நின்றாள். உள்ளே முழங்காலை மடக்கிக்கொண்டு ஒரு எலும்புக்கூடு கிடந்தது.

"ஏழடி இருக்குமா, மேடம்?" மந்திரியின் குரல் எழும்பவே இல்லை.

"இது ஒரு பெண். உங்க தோளுக்கு வருவாங்க."

"வாள், கீள்?"

"ஒரு பாசிமணி இருக்கு."

சம்பந்தி இருமினார்.

பேராசிரியை குனிந்து பார்த்தார். "முட்டி எலும்பு ரெண்டும் தேஞ்சு போயிருக்கு, பாருங்க. காலம் பூரா சுமை தூக்கிட்டு மேடு ஏறி இறங்கியிருப்பாங்கபோல. அடி எடுத்து வெச்சாலே வலிச்சிருக்கும்."

"அப்போ இத்தனை வருஷமா ஒரு பொம்பளைக்கா காவல் இருந்தீங்க?" என்றாள் மனைவி. எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். சம்பந்தி கண்ணில் நீர் வரச் சிரித்தார். மானம் கப்பலேறிவிட்டது.

ஆனால் மனைவி சிரிக்கவில்லை. குழிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவளுக்கு இவ்வளவு கல்லை யாரும்மா போட்டது?"

"வேண்டியவங்களா இருக்கணும். இது இங்கத்துக் கல்லு இல்ல. கீழே ஆத்துலேர்ந்து ஒவ்வொண்ணா தூக்கிட்டு வந்திருக்காங்க."

"செத்த பிறகு தூக்கிட்டு வந்திருக்காங்க" என்றாள் மனைவி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கேரியரைக் கீழே வைத்துவிட்டு முட்டியைத் தேய்த்துக்கொண்டாள்.

சம்பந்தியின் சிரிப்பைவிட அதுதான் மந்திரியைச் சுட்டது.

மறுநாள் ஓரத்தில் கிடந்த கற்களில் தட்டையானதாகப் பார்த்து எடுத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினார். பாதி வழியில் எதிரே ஏறி வந்த ஒருவர், "மேலே ராஜா சமாதி இருக்காமே?" என்று கேட்டார்.

"ராஜா இல்லீங்க, ஒரு அம்மா. பாடுபட்ட அம்மா." அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே! "அவங்க வீட்டுக்காரர்தான் ராஜா. அவரைத்தான் இன்னும் தேடிட்டிருக்காங்க."

கல்லைப் பின்வாசலில் இறக்கிவிட்டு மறுபடி ஏறினார், மறுபடி இறங்கினார். பொழுது சாய்வதற்குள் அவருடைய முட்டியும் பேச ஆரம்பித்துவிட்டது. கல்லை அடுக்கி, மண்ணைப் போட்டு மிதித்து, மனைவியைக் கூப்பிட்டார்.

அவள் ஒரு காலை மட்டும் வைத்துப் பார்த்தாள். "ஆடுதுங்க."

சின்னச் சில்லு ஒன்றைத் தேடி எடுத்து அடியில் சொருகினார்.

"ராஜா கோச்சுக்கப் போறார்" என்றாள்.

"அவரு கிடக்கார், நீ ஏறு" என்று கையை நீட்டினார்.