சிவப்புத் துணி இல்லாத மலை

"இந்தப் போனை அப்டேட்டே பண்ண மாட்டீங்களா மாமா?" என்று அக்கா மகள் சிரிக்கிறாள். சிரிப்பாள், படித்த பிள்ளை. எனக்கோ அந்தச் சொல்லைக் கேட்டாலே களைமருந்து வாடை மூக்கில் ஏறுகிறது. போனுக்கும் களைமருந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம். தெமோதரைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆபீஸில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. கூலிக்காரர்களின் லயத்து வீட்டில் பிறந்த பையனுக்கு டை வேறு. வீட்டுக்குப் போயும் கழற்ற மனசு வராது. மருந்தடித்த தேதியைப் பெரிய கிளாக்கர் எக்செல்லில் பதிவார். நான் ஒரு பட்டனைத் தட்டினால், உள்ளே எழுதி வைத்திருக்கும் மேக்ரோ, மருந்தடித்து எத்தனை நாள் என்று கணக்குப் போட்டு, எந்த மலையில் கொழுந்து எடுக்கலாம் என்று சொல்லிவிடும். அதற்கு முன்பெல்லாம் மருந்தடித்த மலையின் ஓரத்தில் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டுவார்கள். துணியை அவிழ்க்கும்வரை ஒருத்தரும் உள்ளே போகமாட்டார்கள். கம்ப்யூட்டர் இருக்கும்போது கந்தல் எதற்கு என்று தோட்டத்து மேனேஜர் தொரை நிறுத்திவிட்டார்.

மே பாதிக்கு மேல் கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து, அப்டேட் என்று சொல்லிப் புது சாப்ட்வேர் போட்டுவிட்டுப் போனார்கள். மே மாதக் கடைசிவரை ஒரு கோளாறும் இல்லை. ஜூன் பிறந்து சில நாளில், காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டில் கங்காணி கம்ப்யூட்டர் தாளைப் பார்த்து ஏழாம் நம்பர் மலை என்று சொல்ல, பெண்கள் கூடையோடு ஏறிப் போனார்கள். சற்றைக்கெல்லாம் மருந்தடிக்கும் முத்தையா அண்ணன் வெறும் டின்னைத் திருப்பிக் கொடுக்க வந்தார். உடம்பெல்லாம் அந்த வாடை. எங்கே அடித்தீர்கள் என்று சும்மாதான் கேட்டேன்.

"நேத்து ஏழாம் நம்பர்லங்க."

பெண்கள் ஏறிப் போயிருப்பதும் அதே மலைக்குத்தான். அந்தக் கூட்டத்தில் என் அக்கா இருந்தாள். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து அப்போதுதான் முழுகாமல் இருந்தாள்.

டை ஒரு பக்கம் செருப்பு ஒரு பக்கமாக ஓடினேன். அக்கா இரண்டு கையிலும் ஈரக் கொழுந்தோடு நின்றாள்.

"கீழ போடுக்கா. மருந்து."

கம்ப்யூட்டரில் வந்ததைத் தான் மாற்ற முடியுமா என்று கங்காணி தாளை நீட்டினார். அக்கா மலையிலிருந்து பீலியில் கொட்டும் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"வயித்துக்குள்ளயும் போயிருக்குமாடா?"

காரணம் பிறகுதான் பிடிபட்டது. பெரிய கிளாக்கர் சரியாகவே 5/6 என்று பதிந்திருந்தார். பழைய சாப்ட்வேர் நம் வழக்கப்படி அதை ஜூன் ஐந்து என்று படித்தது. புதியது அமெரிக்க வழக்கப்படி வந்திருந்தது. மேக்ரோ அதை மே ஆறாக்கி, மருந்தடித்து ஒரு மாதமாகிவிட்டது, போகலாம் என்றது. பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று கிடையாதே, அதனால் பதின்மூன்றிலிருந்து வரும் தேதிகளை மட்டும் ஒழுங்காகப் படித்திருக்கிறது.

பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். நாங்கள் பிரசவம்வரை பயந்துகொண்டுதான் இருந்தோம். பிள்ளையைக் கையில் கொடுத்ததும் முதலில் அதன் விரல்களைப் பிரித்து எண்ணினேன்.

தொரை திரும்பவும் கட்டச் சொன்ன சிவப்புத் துணி இப்போது இல்லை. ஏழாம் நம்பர் மலையும் காடாகிவிட்டது. கங்காணியும் அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அன்று அக்கா வயிற்றில் இருந்தவள், "குடுங்க மாமா, நான் செய்றேன்" என்று போனைப் பிடுங்கி, அந்த அப்டேட் பட்டனைத் தொடப்போகிறாள். நான் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னமும் எண்ணத்தான் தோன்றுகிறது.